தொழுகை: சொல்லின் பொருளும் வழக்கும் வந்த வழியும்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் நாளிதழ்களின் கடலூர், புதுச்சேரிப் பக்கங்களைப் புரட்டினால் ‘சிறப்புத் தொழுகை’ என்ற தலைப்பு தவறாமல் கண்ணில் படும். கிறிஸ்துமஸ் கழிந்தால் அதே இடத்தில் ‘சிறப்புத் திருப்பலி’ அல்லது ‘சிறப்புப் பிரார்த்தனை’ என்று இருக்கும்; ஆடி வெள்ளி, மாசி மகம் என்றால் ‘சிறப்பு வழிபாடு’ என்று மாறிவிடும். யாரும் சட்டம் போட்டு இப்படிப் பிரிக்கவில்லை. செய்தி எழுதுவோரின் கையில் பழகிப்போன வழக்கு, மூன்று சமயத்தாருக்கும் மூன்று சொற்களைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. அதனால் இன்றைய தமிழ் வாசகர்களில் பலர் தொழுகை என்ற சொல்லைக் கேட்டதும் பள்ளிவாசலை மட்டுமே நினைக்கிறார்கள். அது அரபியிலிருந்து வந்திருக்கும் என்று எண்ணுவோரும் உண்டு. உண்மையில், இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழில் வேரூன்றிய சொல் அது. அந்தப் பழஞ்சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் எடுத்துக்கொண்டு, அதன் பரப்பைக் குறுக்கி, பொருளை ஆழப்படுத்தி, இன்றுவரை ஒரு நாளைக்கு ஐந்து முறை புழங்கிவருகிறார்கள்.

முதலில் சொல்லின் அமைப்பு. ‘தொழு’ என்பது வினையடி. ‘கை’ என்பது தொழிற்பெயர் விகுதி. வருகை, செய்கை, அழுகை என்பன போலவே தொழுகையும் அமைந்தது. தொழும்போது கை கூப்புவதால் இந்தச் சொல்லில் உள்ள ‘கை’யும் உடலுறுப்பைக் குறிக்கும் என்று சிலர் விளக்கம் சொல்வது பொருந்தாது. ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்’ என்று குறள் (828) சொல்லுமிடத்தில் வருவதுதான் உறுப்பாகிய கை. அங்கே ‘தொழுத கை’ என்று பெயரெச்சமாகப் பிரிகிறது. ஆனாலும் அந்தக் குறள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. வள்ளுவர் காலத்துத் தமிழருக்குத் தொழுதல் என்றால் இரு கைகளையும் சேர்த்துக் குவிப்பதுதான். குவித்த கைகளுக்குள் கத்தியை மறைத்துவைக்கும் பகைவனும் இருக்கலாம் என்று எச்சரிக்கும் அளவுக்கு அது கண்ணால் காணக்கூடிய உடற்செயல். ‘கொல்லான் புலாலை மறுத்தானைக் கைகூப்பி எல்லா உயிருந் தொழும்’ (260) என்பதிலும் கூப்பும் கையும் தொழுதலும் அடுத்தடுத்தே நிற்கின்றன.

அக்காலத்தில் தொழப்பட்டவர் கடவுள் மட்டுமல்லர். ‘வாலறிவன் நற்றாள் தொழாஅர் எனின்’ (2) என்று இறைவனுக்கு வந்த அதே வினை, ‘தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்’ (55) என்று கணவனுக்கும் வருகிறது. ‘தொழுதுண்டு பின்செல் பவர்’ (1033) என்னும்போது அதில் பக்தியே இல்லை. பிறரைக் கும்பிட்டுப் பிழைக்கும் வாழ்வைத்தான் வள்ளுவர் அப்படிச் சொல்கிறார். மன்னனும் தொழப்பட்டான், சான்றோரும் தொழப்பட்டனர், மாலையில் மேற்கு வானில் மெல்லியதாய்த் தோன்றும் பிறையும் தொழப்பட்டது. குறுந்தொகையின் 178ஆம் பாடலில், எளிதில் கிட்டாதவளாய்த் தலைவி இருந்த காலத்தைத் ‘தொழுதுகாண் பிறை’க்கு ஒப்பிடுகிறாள் தோழி. 307ஆம் பாடலிலும் செவ்வானத்தில் பலர் தொழப் பிறை தோன்றுகிறது. இன்று ரமளானின் கடைசி மாலையில் பரங்கிப்பேட்டைக் கடற்கரையிலும் காரைக்காலிலும் பிறை தேடி நிற்பவர்களைப் பார்க்கும்போது இந்தப் பாட்டுகள் எனக்கு நினைவுக்கு வராமல் போனதில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். முஸ்லிம்கள் பிறையைத் தொழுவதில்லை. பிறை அவர்களுக்கு மாதக் கணக்கு. பிறை கண்டதும் ஒரு துஆ (வேண்டுதல்) ஓதுவார்கள், அவ்வளவே. சூரியனுக்கும் சந்திரனுக்கும் சிரம் பணியாதீர்கள், அவற்றைப் படைத்த இறைவனுக்கே பணியுங்கள் என்பது குர்ஆனின் (41:37) கட்டளை. தொழு என்ற வினை தமிழ் முஸ்லிம்களிடம் வந்தபோது அதற்கு நேர்ந்த பெரிய மாற்றம் இதுதான். அரசன், கணவன், பிறை, சான்றோர் எல்லாரும் அந்த வினையின் செயப்படுபொருள் என்ற இடத்திலிருந்து விலக, ஒருவன் மட்டுமே அங்கே எஞ்சினான்.

கடலூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லின் கதையில் தனியுரிமை ஒன்று உண்டு. அப்பர் என்று போற்றப்படும் திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து வந்து கரையேறியது திருப்பாதிரிப்புலியூரை ஒட்டித்தான் என்பது சைவ மரபு. கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் அதை இன்றும் சொல்கிறது. கடலில் கிடந்து அவர் பாடியதாகப் போற்றப்படும் பதிகத்தின் முதற்பாட்டு தமிழ்நாட்டில் ஓதுவார் எவரிடம் கேட்டாலும் வரும்:

சொற்றுணை வேதியன் சோதி வானவன்
பொற்றுணைத் திருந்தடி பொருந்தக் கைதொழக்
கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே.

இந்த நான்கு வரிகளில் நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று ‘கைதொழ’. மற்றொன்று ‘நம’. முதலாவது தமிழ் முஸ்லிமின் தொழுகைக்கு அடி. இரண்டாவது, கேட்பவர் வியக்கலாம், உருது பேசும் முஸ்லிமின் நமாஸுக்கு உடன்பிறப்பு. நமாஸ் அரபிச் சொல் அன்று, பாரசீகச் சொல். பாரசீகர் இஸ்லாத்தை ஏற்பதற்கு முன்பே, சரதுஷ்டிர சமயத்தாராய் இருந்த காலத்திலேயே, பணிவையும் வணக்கத்தையும் குறிக்க அந்தச் சொல்லை வழங்கினார்கள். வளைதல், குனிதல் என்று பொருள்படும் ‘நம்’ என்ற பழைய வேர் ஒருபுறம் பாரசீகத்தில் நமாஸ் ஆயிற்று; மறுபுறம் வடமொழியில் நமஸ், நமஸ்காரம், நம என்றெல்லாம் ஆயிற்று. ஆக, அப்பர் கரையேறிய ஊரில் ஓதுவார் ‘நமச்சிவாய’ என்று பாடும்போதும், புதுச்சேரியில் உருது பேசும் ஒரு வீட்டில் ‘நமாஸ் ஆச்சா’ என்று பிள்ளையைக் கேட்கும்போதும் நாவில் புரள்வது ஒரே வேர். அப்பர் பாடிய 7ஆம் நூற்றாண்டில்தான் அரபு நாட்டில் ஐவேளைத் தொழுகையும் கடமையாகி நிலைபெற்றது என்பது இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

அப்பரின் திருவங்கமாலை இன்னும் நுட்பமான ஒரு செய்தியைத் தருகிறது. அப்பதிகத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலையை அவர் விதிக்கிறார். ‘தலையே நீ வணங்காய்’, ‘வாயே வாழ்த்துகண்டாய்’, ‘நெஞ்சே நீ நினையாய்’ என்று வரிசையாகச் சொல்லிவருகையில், கைகளுக்கு வரும்போது ‘கைகாள் கூப்பித் தொழீர்’ என்கிறார். வணங்குதல் தலைக்கு உரியது, வாழ்த்துதல் வாய்க்கு உரியது, தொழுதல் கைக்கு உரியது. அக்காலத்துத் தமிழில் இந்தச் சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கும் பொதுச்சொற்களாய் இருந்தாலும், கவிஞர் அளந்து பேசும்போது தொழுதல் கையின் வினையாகவே நின்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நம்மாழ்வாரோ, ‘துயரறு சுடரடி தொழுதெழு என் மனனே’ என்று அந்த வினையை மனத்துக்கு ஏற்றிவிட்டார். கையிலிருந்து மனத்துக்குப் போகும் வழி அன்றே திறந்துவிட்டது.

அரபு மூலச்சொல்லுக்கு வருவோம். குர்ஆன் ‘ஸலாத்’ என்கிறது. சிரியாக்குக் கிறித்தவர்கள் தங்கள் வேண்டுதல் வழிபாட்டைக் குறித்த ‘ஸ்லோத்தா’வும் இதுவும் உறவுடையவை, அந்த அரமேய வேருக்குச் சாய்தல், வளைதல் என்ற பொருளும் உண்டு. மதரஸாக்களில் சட்டநூல் பாடம் தொடங்கும்போது ஸலாத்துக்கு இரண்டு பொருள் சொல்லித்தருவார்கள். கடலூர் மாவட்டத்து லால்பேட்டையில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவரும் அரபிக் கல்லூரியானாலும் வேறெந்த ஊர் மதரஸாவானாலும் பாடம் ஒன்றே. மொழிவழக்கில் ஸலாத் என்றால் துஆ, அதாவது வேண்டுதல். மார்க்க வழக்கில், ‘அல்லாஹு அக்பர்’ என்னும் தக்பீரைக் கொண்டு தொடங்கி, ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்னும் ஸலாமைக் கொண்டு முடியும், குறிப்பிட்ட சொற்களும் செயல்களும் அடங்கிய ஒரு வணக்கம். இந்த இரண்டாம் பொருளுக்குத்தான் தமிழில் சொல் தேவைப்பட்டது. முதற்பொருள் முழுதும் மறைந்துவிடவில்லை. இறைவனும் வானவர்களும் நபியின்மீது ஸலவாத்து என்னும் வாழ்த்தைச் சொல்கிறார்கள் என்று குர்ஆன் (33:56) கூறுமிடத்தில் அதே வேர் வருகிறது. தமிழில் அதைத் தொழுகை என்று யாரும் பெயர்ப்பதில்லை. ‘ஸலவாத்து ஓதுதல்’ என்று அரபிச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். ஒரே வேரின் இரண்டு கிளைகளில் ஒன்றைத் தமிழாக்கி, மற்றொன்றை அப்படியே வைத்துக்கொண்ட இந்தத் தெரிவை நான் மிகவும் மதிக்கிறேன். எது தமிழ்ச் சொல்லுக்குள் அடங்கும், எது அடங்காது என்பதை அறிந்து செய்த வேலை அது.

அப்படித் தெரிந்தெடுத்தபோது அவர்கள் முன் வேறு சொற்களும் இருந்தன. பிரார்த்தனை என்பது வடமொழியில் கேட்டல், இரத்தல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. ஒன்றைக் கேட்காமல் பிரார்த்தனை இல்லை. ஜெபம், செபம் என்பவற்றின் மூலமாகிய ஜபம், வாய்க்குள் முணுமுணுத்து ஓதுவது. வேண்டுதல் நம் ஊர்களில் நேர்த்திக்கடனையும் உள்ளடக்கிய சொல். ‘எனக்கொரு வேண்டுதல் இருக்கு’ என்றால் மொட்டையோ காவடியோ காத்திருக்கிறது என்று பொருள். ஸலாத் இவை எதுவும் அன்று. அது உடலால் நிறைவேற்றும் ஒழுங்கு. ஆகவே உடலின் செயலைக் குறித்த தொழுதலே அதற்கு அருகில் நின்றது. இதில் ஒரு வேறுபாடும் உண்டு. முஸ்லிம் தொழுகையில் கை கூப்புவது என்ற செயலே கிடையாது. கைகளைக் காதளவு உயர்த்தித் தக்பீர் சொல்லி, வலக்கையை இடக்கையின்மீது வைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். கூப்பிய கையிலிருந்து பிறந்த சொல், கூப்பாத கையின் வணக்கத்துக்குப் பெயராயிற்று. அப்பர் ஒவ்வோர் உறுப்புக்கும் பிரித்துக்கொடுத்த வேலைகள் எல்லாமும் இந்த ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தன: நிற்றல், நாவால் ஓதல், இடுப்பு வளையக் குனிதல், நெற்றியைத் தரையில் வைத்தல், மடியிட்டு அமர்தல். ஸுஜூது என்னும் அந்தத் தரைபணிதலில் நெற்றி, இரு உள்ளங்கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் ஆகிய ஏழும் தரையில் பட வேண்டும் என்பது நபிமொழி. கை மட்டும் செய்த வினையை இப்போது உடல் முழுவதும் செய்கிறது.

தமிழ் முஸ்லிம்கள் ஏன் நமாஸ் என்று சொல்லவில்லை என்ற கேள்விக்கு விடை, இஸ்லாம் இந்தக் கரைக்கு வந்த வழியில் இருக்கிறது. தில்லியிலும் தக்காணத்திலும் பாரசீகம் அரசவை மொழியாய் இருந்தது. அந்த வட்டத்தில் உருவான உருதுவுக்கு நமாஸும் ரோஸாவும் பாரசீகத்திலிருந்தே கிடைத்தன. சோழமண்டலக் கரைக்கோ இஸ்லாம் அரபு வணிகர்களோடு கடல்வழி வந்தது. அரபிக்கும் தமிழுக்கும் நடுவே வேறொரு மொழி நின்று மொழிபெயர்க்கவில்லை. தொழுகை, நோன்பு, ஓதுதல், பெருநாள், பள்ளிவாசல் என்று அன்றாட வழிபாட்டின் தலையாய சொற்கள் தமிழாகவே அமைந்தன. இவற்றுள் பள்ளி என்பது சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்துக்கு வழங்கிய பெயர். அப்பர் சமணராய் இருந்தபோது வாழ்ந்த பாதிரிப்புலியூரிலும் அத்தகைய பள்ளி இருந்தது. ஓதுதல் என்ற வினையைக் குர்ஆனுக்கும் திருமுறைக்கும் பொதுவில் வைத்துக்கொண்டிருப்பது தமிழ்தான். பாரசீகம் இக்கரைக்கு வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு பாரசீகச் சொல், கந்தூரியும் அப்படியே. ஆனால் அழைப்புக்குப் பாரசீகப் பெயர் வைத்தவர்கள் அழைக்கப்பட்ட செயலுக்குத் தமிழ்ப் பெயரையே வைத்தார்கள்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. மலையாளத்து மாப்பிள்ளைமார் ‘நிஸ்காரம்’ என்பார்கள். நமஸ்காரமே அங்கு அப்படித் திரிந்தது. மலாய் மொழியில் ‘செம்பாயாங்’ என்ற சொல் தொழுகைக்கு நெடுங்காலம் வழங்கியது. தொழுதல் என்று பொருள்படும் ‘செம்பா’வும், பழைய தெய்வங்களைக் குறித்த ‘ஹியாங்’ என்ற சொல்லும் சேர்ந்தது அது. பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர் மரைக்காயர்கள் (கடல் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்கள்) கப்பலேறிப் போன துறைமுகங்களில் அந்தச் சொல்தான் அவர்கள் காதில் விழுந்திருக்கும். கடல்வழி இஸ்லாத்தை ஏற்ற மக்கள் தத்தம் மொழியில் ஏற்கெனவே இருந்த சொல்லை எடுத்துக் கழுவித் தூய்மைசெய்து புழங்கினார்கள் என்று பொதுவாகச் சொல்லலாம். மலேசியாவில் அண்மைக் காலத்தில் செம்பாயாங் பின்னே தள்ளப்பட்டு ‘சொலாத்’ முன்னுக்கு வந்துவிட்டது. தமிழில் அப்படி நிகழவில்லை. தமிழ் முஸ்லிம்களுக்குள்ளே தர்கா, மத்ஹபு (சட்டப் பிரிவு), சுன்னத்து (நபிவழி) என்று எத்தனையோ விவாதங்கள் நடந்திருக்கின்றன. அந்த விவாதங்களில் எந்தத் தரப்பார் அச்சிட்ட துண்டறிக்கையை எடுத்துப் பார்த்தாலும் தொழுகை என்றுதான் இருக்கிறது.

இலக்கியத்திலும் இந்தச் சொல் விரைவிலேயே உறுதிப்பட்டுவிட்டது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில், நபித்துவத்தைப் பாடும் காண்டத்தில், ‘தொழுகை வந்த வரலாற்றுப் படலம்’ என்றே ஒரு படலம் இருக்கிறது. அந்தக் காப்பியத்துக்கும் கடலூர்க் கரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சீதக்காதி வள்ளலின் மறைவுக்குப்பின் உமறுப் புலவரை ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். கம்பர் சடையப்ப வள்ளலைப் பாடியதுபோல உமறும் காப்பியத்துக்குள் ஆங்காங்கே அவரை நிறுத்தி வாழ்த்துகிறார். குர்ஆனில் திரும்பத் திரும்ப வரும் ‘அகீமுஸ் ஸலாத்’ என்ற கட்டளைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ‘தொழுகையை நிலைநாட்டுங்கள்’ என்ற தொடரை வழக்கமாக்கினார்கள். ‘தொழுங்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் மூலத்தில் நிற்கச்செய்தல் என்னும் பொருள் அடங்கியிருப்பதால் நிலைநாட்டுதல் என்ற வினை வந்து சேர்ந்தது. ஒருவன் தொழுவது வேறு, ஓர் ஊரில் தொழுகை தவறாமல் நடக்கும்படி செய்வது வேறு என்ற வேறுபாட்டை அந்தத் தமிழ்த்தொடர் நன்றாகவே தாங்குகிறது.

பேச்சு வழக்கில் இச்சொல் எப்படிப் புழங்குகிறது என்று பார்த்தால் அதன் உயிர் தெரியும். காரைக்காலில் பாங்கு சொல்லி முடிந்தபின் கடைத்திண்ணையில் இருப்பவரைப் பார்த்து, ‘என்ன நானா, தொழுவ வரலியா?’ என்று இளையவர் கேட்பார். ‘ஒளு எடுத்துட்டு வர்றேன், நீ போய் சஃபுல நில்லு’ என்று பதில் வரும். ஒளு என்பது தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் கழுவும் முறை. பள்ளிவாசலில் அதற்கான நீர்த்தொட்டிக்கு ஹவுள் என்று பெயர். சஃபு என்பது தோளோடு தோள் சேர நிற்கும் வரிசை. தாமதமாக வந்தவர் ‘ஒரு ரக்அத் போயிடுச்சு’ என்பார்; நிற்றல் முதல் ஸுஜூது வரையிலான ஒரு சுற்றுதான் ரக்அத். பிற்பகல் தொழுகையான அஸருக்கு நேரம் தப்பியவர் ‘அஸர் களாவாயிடுச்சு’ என்பார். முடித்ததைச் சொல்ல ‘ஸலாம் குடுத்தாச்சு’ என்றாலே போதும். முன்னின்று நடத்துவதைத் ‘தொழவைப்பது’ என்பார்கள். ‘இன்னைக்கு யாரு தொழவச்சா?’ என்று கேட்டால், இன்று இமாமாக நின்றவர் யார் என்று பொருள். பிறரைத் தொழும்படி செய்பவர் என்று பிறவினையிலேயே இமாமின் வேலை முழுவதையும் சொல்லிவிடுகிறது இந்த வழக்கு. இதைப் பள்ளிக்கூடத்து இலக்கணப் பாடத்தில் எடுத்துக்காட்டாக வைக்கலாம்.

கடமையான ஐவேளைத் தொழுகைகளில் விடியற்கால ஸுபுஹுக்கு 2, நண்பகல் லுஹருக்கு 4, பிற்பகல் அஸருக்கு 4, அந்தி மஃரிபுக்கு 3, இரவு இஷாவுக்கு 4 என ஒரு நாளைக்கு 17 ரக்அத்துகள். கடலோர மரைக்காயர் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபினர். உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் மிகுதி. ஷாஃபி முறையில் அஸர் நேரம் முன்கூட்டியே தொடங்கிவிடும், ஹனஃபி முறையில் பொருளின் நிழல் அதன் உயரத்தைப்போல் இருமடங்காக நீளும்வரை காத்திருப்பார்கள். அதனால் ஒரே மாவட்டத்தின் இரண்டு ஊர்களில் அஸர் பாங்கு வெவ்வேறு நேரங்களில் கேட்பது உண்டு. கைகட்டும் இடத்திலும் சிறு வேறுபாடு இருக்கிறது. தொழுகை என்ற சொல் இந்த வேறுபாடுகள் அனைத்தையும் தாண்டி நிற்கிறது.

கிறித்தவத் தமிழும் இந்த வினையைக் கைவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் வேதாகமத்தில் ‘நீயோ ஜெபம்பண்ணும்போது’ (மத்தேயு 6:6) என்று ஓரிடத்தில் வரும்; ‘தேவன் ஆவியாயிருக்கிறார், அவரைத் தொழுதுகொள்ளுகிறவர்கள் ஆவியோடும் உண்மையோடும் அவரைத் தொழுதுகொள்ளவேண்டும்’ (யோவான் 4:24) என்று வேறோரிடத்தில் வரும். கிரேக்க மூலத்தில் இவை இருவேறு சொற்கள். வேண்டிப் பேசுவது ஜெபம், முன்னால் விழுந்து பணிவது தொழுதுகொள்ளுதல் என்று மொழிபெயர்த்தவர்கள் பிரித்திருக்கிறார்கள். முஸ்லிம்கள் துஆவையும் தொழுகையையும் பிரிப்பதுபோலவே இதுவும் இருக்கிறது.

கோயிலுக்குப் போகிறவர்களின் பேச்சில்தான் தொழுதல் அருகிவிட்டது. ‘சாமி கும்பிட்டு வர்றேன்’ என்பதுதான் கடலூர்ப் பேச்சு. திருவஹீந்திரபுரம் போகும் வைணவர்கள் ‘பெருமாளைச் சேவிச்சுட்டு வர்றோம்’ என்பார்கள். தொழுதல் தேவாரத்திலும் திருவாய்மொழியிலும் தினமும் ஓதப்படுகிறது, ஆனால் அன்றாடப் பேச்சில் இறங்குவதில்லை. மலையாளத்தில் இது நேர்மாறாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே அம்பலத்துக்குப் போவது ‘தொழான்’ போவதுதான், முஸ்லிமுக்கோ நிஸ்காரம். ஒரே பழந்தமிழ் வினை மலைக்கு அப்பால் கோயிலுக்குப் போயிற்று, இப்பால் பள்ளிவாசலுக்கு வந்தது.

வணக்கம் என்ற சொல்லையும் இங்கே தொட்டுச் செல்ல வேண்டும், ஏனெனில் அதைச் சுற்றி ஒரு மனத்தடை நிலவுகிறது. தமிழ் முஸ்லிம்களின் மார்க்க வழக்கில் வணக்கம் என்பது ‘இபாதத்’துக்கு நேரான சொல், தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் எல்லாமே வணக்கங்கள். அதே சொல் 20ஆம் நூற்றாண்டில் தமிழ் உணர்வு வளர்ந்தபோது பொது இடத்து முகமனாகப் பரவியது. இறைவனுக்கு உரிய சொல்லை மனிதருக்குச் சொல்லலாமா என்று தயங்கும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். மரியாதைச் சொல்தானே என்று இயல்பாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயங்குபவரைத் தமிழ்ப் பற்றில்லாதவர் என்று பேசுவது பெரும் அநியாயம் என்பது என் கருத்து. அவர் அந்தத் தமிழ்ச் சொல்லை அதன் முழு எடையோடு எடுத்துக்கொண்டதனால்தான் தயங்குகிறார்.

செய்தி எழுதுவோர் தொழுகையையும் பிரார்த்தனையையும் ஒன்றாகக் குழைப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில் நேர்கிறது. ஒன்று ஜனாஸா தொழுகை. இறந்தவருக்காக நடக்கும் இதில் குனியும் ருகூஉவும் இல்லை, ஸுஜூதும் இல்லை. நின்றபடியே நான்கு தக்பீர்கள் சொல்லி, இடையில் இறந்தவருக்காக துஆ ஓதி, ஸலாம் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு இது முழுக்க வேண்டுதலாகத் தோன்றலாம். ஆனால் ஒளு வேண்டும், கிப்லாவை (மக்காவின் கஅபா இருக்கும் திசையை) நோக்க வேண்டும், தக்பீரில் தொடங்கி ஸலாமில் முடிய வேண்டும் என்பதால் இதுவும் தொழுகைதான். இதைப் ‘பிரார்த்தனைக் கூட்டம்’ என்று எழுதுவது பிழை.

மற்றொன்று மழைத் தொழுகை. மழை பொய்த்த ஆண்டுகளில் கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் முஸ்லிம்கள் திடலில் கூடுவதுண்டு. மறுநாள் ‘மழை வேண்டிச் சிறப்புத் தொழுகை’ என்று செய்தி வரும். அங்கே நடப்பது இரண்டு. முதலில் இரண்டு ரக்அத் தொழுகை. பிறகு இமாம் உரை நிகழ்த்தி, மேலாடையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு, கிப்லாவை நோக்கி இரு கைகளையும் உயர்த்தி மழைக்காக துஆ கேட்கிறார். மழையைக் கேட்பது இந்த இரண்டாம் பகுதியில்தான். இதிலும் பழைய சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மழை வேண்டுவதற்கெனத் தனியாக ஜமாஅத்துத் தொழுகை (கூட்டுத் தொழுகை) நபிவழியில் இல்லை, பாவமன்னிப்புக் கேட்பதும் துஆவுமே அதற்குரியவை என்றார் இமாம் அபூஹனீஃபா. அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மது அஷ்ஷைபானியும், இமாம் ஷாஃபியும், இரண்டு ரக்அத் தொழுகை உண்டு என்றார்கள். இன்று ஹனஃபி ஊர்களிலும் மாணவர்களின் கருத்தைப் பின்பற்றியே திடலில் தொழுகை நடத்துகிறார்கள்.